உள்ளே 0.89, வெளியே 0.57: நுரையீரல் அழற்சியைக் கணிக்கும் மாடல் எங்கே தடுக்குகிறது?

தொடரும்_லூப்:
வணக்கம். நுரையீரல் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு கொடுத்த பிறகு யாருக்கு ரேடியேஷன் நிமோனைட்டிஸ் (கதிர்வீச்சால் வரும் நுரையீரல் அழற்சி) வரும் என்று முன்கூட்டியே சொல்ல ஒரு மாடல் செய்கிறேன். கணினிப் பக்கத்து ஆள் நான், மருத்துவம் படித்தவன் இல்லை.

கையில் 142 நோயாளிகள். அதில் 31 பேருக்குக் கிரேடு 2 அல்லது அதற்கு மேல் அழற்சி. திட்டமிடும் சி.டி. படத்திலிருந்தும் டோஸ் வரைபடத்திலிருந்தும் 851 அம்சங்கள் எடுத்தேன் (படத்தை எண்களாக மாற்றும் இந்த வேலைக்குப் பெயர் ரேடியோமிக்ஸ்). வந்தவர்கள் குறைவு என்பதால் ஸ்மோட் (இருப்பவர்களைக் கலந்து செயற்கை நோயாளிகளை உருவாக்கும் முறை) போட்டுச் சமன் செய்தேன். பிறகு லாசோ என்ற வடிகட்டும் முறையை வைத்து 15 அம்சங்களைத் தேர்ந்து, ஐந்து மடிப்பு கிராஸ் வேலிடேஷன் (தரவை ஐந்தாகப் பிரித்து, ஒவ்வொரு பங்கையும் மாறிமாறிச் சோதனைக்கு ஒதுக்குவது). ஏயூசி (1 என்றால் முழுச் சரி, 0.5 என்றால் வெறும் ஊகம்) 0.89. சந்தோஷமாக வேறொரு மருத்துவமனையின் 58 பேர் தரவில் ஓட்டிப் பார்த்தால் 0.57. காசு சுண்டிப் பார்ப்பதற்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான்.

ஸ்கேனர் வேறு என்பதால் காம்பேட் (ஸ்கேனர் வேறுபாட்டைக் கழிக்கும் முறை) போட்டு ஒத்திசைத்தும் பார்த்தேன். 0.58. எங்கே தப்பு?

சும்மா_எட்டிப்பார்த்தவன்:
நீங்கள் எழுதிய வரிசையிலேயே பதில் இருக்கிறது. ஸ்மோட், லாசோ, அப்புறம்தான் மடிப்பு. சோதனைக்கு ஒதுக்க வேண்டியவர்களையும் சேர்த்து வைத்து அம்சம் தேர்ந்திருக்கிறீர்கள். ஸ்மோட் உருவாக்கிய செயற்கை நோயாளி, சோதனைப் பக்கம் இருப்பவரின் பாதி நகல். கேள்வித்தாளைப் பார்த்துவிட்டு எழுதிய பரீட்சை இது.

நம்ப வேண்டாம், சோதித்துப் பாருங்கள். அழற்சி வந்தது, வரவில்லை என்ற பத்தியை மட்டும் சீட்டுக்கட்டு போலக் கலைத்துவிட்டு, மற்றதைத் தொடாமல் அதே குறியீட்டை ஓட்டுங்கள். 0.5 பக்கம் வர வேண்டும்.

தொடரும்_லூப்:
கலைத்து ஓட்டினேன். 0.78. அர்த்தமே இல்லாத லேபிளுக்கு 0.78!

எல்லாவற்றையும் மடிப்புக்குள் தள்ளிவிட்டேன், ஸ்மோட்டை எடுத்தேவிட்டேன். இப்போது கலைத்தால் 0.51, கலைக்காவிட்டால் 0.62. வி20-ஐயும் (நுரையீரல் வாங்கிய டோஸின் ஓர் அளவு) வயதையும் மட்டும் வைத்த சாதாரண லாஜிஸ்டிக் மாடல் 0.66 தருகிறது. 851 அம்சத்தை இரண்டு எண்கள் தோற்கடித்துவிட்டன. ஆனால் அந்த இரண்டு எண் மாடலும் வெளியே போனால் 0.55தான். அங்கே சோதனைத் தரவு பயிற்சிக்குள் கசிய இடமே இல்லையே?

கிரே_கணக்கு:
நான் மருத்துவ இயற்பியல் பக்கம். 31 பேருக்கு 15 அம்சம் என்பதே அதிகம். ஒரு அம்சத்துக்குப் பத்து நிகழ்வு என்ற பழைய கணக்குப்படி மூன்றுதான் தாங்கும். அது இருக்கட்டும், இப்போது கேட்பது வேறு: இரண்டு இடத்திலும் வி20 என்றால் ஒன்றுதானா?

20 கிரே (கதிர்வீச்சு டோஸின் அலகு) அல்லது அதற்கு மேல் வாங்கிய நுரையீரல் எத்தனை சதவீதம் என்பதுதான் வி20. ஆனால் எது நுரையீரல்? சிலர் இரண்டு நுரையீரலையும் வரைந்து கட்டியைக் கழிப்பார்கள். சிலர் கழிக்க மாட்டார்கள். ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். கட்டியோடு சேர்த்து 3,600 சிசி, கட்டி மட்டும் 180 சிசி, கட்டிக்கு வெளியே 20 கிரே தாண்டிய பகுதி 960 சிசி என்று வையுங்கள். கழித்தால் 3,420-இல் 960, அதாவது 28.1%. கழிக்காவிட்டால் கட்டி முழுவதும் 20 கிரேக்கு மேல்தான், ஆகவே 3,600-இல் 1,140, அதாவது 31.7%. அதே ஆள், அதே சிகிச்சை. எல்லாருக்கும் ஒரே அளவு கூடியிருந்தால் வரிசை கலையாது. ஆனால் கட்டியின் அளவு ஆளுக்கு ஆள் வேறு, அதனால் பெரிய கட்டிக்காரர்கள் காரணமில்லாமல் மேலே ஏறுவார்கள்.

அடுத்தது, எத்தனை தவணை? 60 கிரேயை 30 தவணையாகக் கொடுக்கும் இடமும் உண்டு, 55 கிரேயை 20 தவணையாகக் கொடுக்கும் இடமும் உண்டு. நுரையீரலுக்கு ஆல்ஃபா/பீட்டா (தவணையின் அளவு திசுவை எவ்வளவு பாதிக்கும் என்று காட்டும் எண்) 3 என்று வைத்து, இரண்டு கிரே தவணையாகக் கொடுத்தால் எந்த டோஸுக்குச் சமம் என்று மாற்றினால், 30 தவணையில் வந்த 20 கிரே 14.7 ஆகிறது, 20 தவணையில் வந்த 20 கிரே 16 ஆகிறது. ஒவ்வொரு வாக்ஸலுக்கும் (படத்தின் சிறு கனத்துண்டு) மாற்றிவிட்டுத்தான் வி20 எடுக்க வேண்டும். மூச்சை இழுத்துப் பிடித்து எடுத்த சி.டி.யா என்பதையும் பாருங்கள். நுரையீரல் விரிந்தால் சதவீதம் தானாகவே இறங்கும்.

தொடரும்_லூப்:
கேட்டுவிட்டேன். அவர்கள் கட்டியைக் கழிக்கவில்லை. 58 பேரில் 19 பேருக்கு 20 தவணை. இரண்டையும் சரிசெய்ததும் 0.61.

இன்னொரு சந்தேகம். புகைப்பழக்கத்தைச் சேர்த்தால் அதன் கெழு மைனஸில் வருகிறது. புகைத்தால் அழற்சி குறையும் என்கிறது மாடல். பிழைதானே?

இழுத்துமூச்சு:
கதிர்வீச்சு மருத்துவர் பேசுகிறேன். பிழை இல்லை. 2012-இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த தொகுப்பிலும் அப்படித்தான் வந்தது: தொடர்ந்து புகைப்பவர்களிடம் அழற்சி குறைவு, வயது கூடினாலும் கட்டி கீழ் மடலில் இருந்தாலும் அதிகம். (தயவுசெய்து இதை எந்த நோயாளியின் காதிலும் போட்டுவிடாதீர்கள்.)

எனக்கு உறுத்துவது உங்கள் 31 என்ற எண். கிரேடு 1 என்றால் படத்தில் மட்டும் தெரியும், நோயாளிக்கு ஒன்றும் தெரியாது. அறிகுறி வந்து மருந்து தேவைப்பட்டால் கிரேடு 2. அந்தக் கோட்டை யார், எதைப் பார்த்துக் கிழித்தார்கள்? இந்த நோயாளிகளில் பாதிப் பேருக்கு முன்பே இருமல் இருக்கும். நாள்பட்ட மூச்சடைப்பு முற்றியதற்கும் ஸ்டீராய்டுதான் கொடுப்போம். தொற்று, நோய் வளர்ச்சி, நுரையீரல் இரத்தக்கட்டு எல்லாம் மூச்சுத் திணறலாகத்தான் வந்து நிற்கும்.

காலமும் முக்கியம். இது பெரும்பாலும் சிகிச்சை முடிந்து ஒன்று முதல் ஆறு மாதத்துக்குள் தலைகாட்டும். இரண்டாவது மாதத்தோடு தொடர்பு விட்டுப்போனவரை 'வரவில்லை' என்று எழுதக் கூடாது, 'தெரியாது' என்றுதான் எழுத வேண்டும். பிறகு துர்வாலுமாப் (கதிர்வீச்சுக்குப் பின் கொடுக்கும் நோயெதிர்ப்பு சிகிச்சை மருந்து) யாருக்கெல்லாம் தொடங்கினார்கள் என்று கேளுங்கள். அதைச் சோதித்த பசிபிக் ஆய்விலேயே எல்லாக் கிரேடும் சேர்த்து அழற்சி அந்த மருந்துப் பக்கம் 33.9%, மருந்தில்லாப் பக்கம் 24.8%.

தொடரும்_லூப்:
டாக்டர், மூன்று நாளாகக் குறிப்பேடுகளோடு உட்கார்ந்திருக்கிறேன். 88-ஆம் நோயாளியை மட்டும் சொல்கிறேன். என் அட்டவணையில் 0, அதாவது 'வரவில்லை'. அவருடைய ஒன்பதாவது வாரக் குறிப்பில் இருப்பது: 'வறட்டு இருமல், படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, காய்ச்சல் இல்லை, கதிர் பட்ட பகுதியில் மங்கல், பிரெட்னிசோலோன் தொடக்கம்.' ஸ்டீராய்டே தொடங்கியிருக்கிறார்கள், பிறகு ஏன் 0? லேபிள் பத்தி முதல் மாத வருகையில் நிரப்பப்பட்டிருக்கிறது. அதற்கப்புறம் அதை யாரும் தொடவே இல்லை.

துறை மருத்துவர் ஒருவர் டோஸ் விவரம் பார்க்காமல் எல்லாரையும் மறுபடி படித்துக் கொடுத்தார். ஆறு மாதம் கண்காணிப்பு இல்லாத 11 பேரை நீக்கினோம், அவர்கள் எல்லாருமே பழைய பட்டியலில் 0. மிச்சம் 131. பழைய 31-இல் 4 பேருக்கு வேறு காரணம். புதிதாக 9 பேர் சேர்ந்தார்கள். இப்போது 36.

கிரே_கணக்கு:
ஒன்பது பேர்! ரேடியோமிக்ஸ் எதை வைத்து அதைச் சரிசெய்திருக்கும்? சரி, எண் என்ன?

தொடரும்_லூப்:
வி20, வயது, முன்பே இருந்த இடைத்திசு நோய் (நுரையீரல் திசு வீங்கித் தழும்பாகும் நோய்). மூன்றே மூன்று. உள்ளே 0.71, வெளியே 0.64. வெளியே 13 நிகழ்வுதான் என்பதால் நம்பக எல்லை (உண்மை மதிப்பு இருக்கக்கூடிய வரம்பு) 0.46 முதல் 0.82 வரை பரந்து கிடக்கிறது. கணித்த ஆபத்தையும் நடந்ததையும் ஒப்பிட்டால், அங்கே எல்லாருக்கும் கூடுதலாகவே சொல்கிறது. என் வழிகாட்டிக்கு முகம் வாடிவிட்டது. 0.89-ஐ எங்கே போட்டாய் என்கிறார்.

இழுத்துமூச்சு:
கூடுதலாகச் சொல்கிறதா, அவர்கள் குறைவாக எழுதியிருக்கிறார்களா? அந்த 13 எந்த மாத வருகையில் எழுதியது?

தொடரும்_லூப்:
அதைக் கேட்கவே இல்லை டாக்டர். இப்போதுதான் மின்னஞ்சல் அனுப்பினேன்.