பிரசவத்துக்குப் பின் சிறுநீர்க் கசிவும் வயிற்றுப் புடைப்பும்: என்ன பயிற்சி செய்யலாம்?

கேள்வி (சாட்ஸ்வொர்த், டர்பன்):
எனக்குச் சுகப்பிரசவமாகி 5 வாரங்கள் ஆகின்றன. தும்மினாலும் இருமினாலும் சிறுநீர் கசிகிறது. படுக்கையிலிருந்து எழும்போது வயிற்றின் நடுப்பகுதி மேடாகப் புடைக்கிறது. வயிற்றில் துணியை இறுக்கிக் கட்டினாலே போதும் என்கிறார் மாமியார். அது சரிதானா, அக்கா?

பதில் (ஃபீனிக்ஸ்):
கசிவுக்கு, 1948இல் அமெரிக்க மருத்துவர் ஆர்னால்ட் கெகல் விளக்கிய இடுப்புத்தளப் பயிற்சியே (சிறுநீர்ப்பையைக் கீழிருந்து தாங்கும் தசைகளுக்கான பயிற்சி) இன்றும் அடிப்படை, தங்கையே. சிறுநீரையும் வாயுவையும் ஒருசேர அடக்குவதுபோல் தசைகளை மேல்நோக்கி இழுத்து, மூச்சைப் பிடிக்காமல், முதலில் 3 அல்லது 4 விநாடிகள் நிறுத்தி, பிறகு முழுவதுமாகத் தளர்த்த வேண்டும். நாளடைவில் 10 விநாடிகள் வரை நீட்டி, வேளைக்கு 10 முறையாக நாளுக்கு 3 வேளை செய்யுங்கள். பிட்டத்தையும் தொடையையும் இறுக்குவதுதான் பலரும் செய்யும் தவறு. நானும் அப்படித்தான் பல நாட்களை வீணாக்கினேன். பலன் தெரிய 3 மாதங்கள்கூட ஆகலாம்.

பதில் (பீட்டர்மாரிட்ஸ்பர்க்):
அந்தப் புடைப்பு, வயிற்றின் முன்புறம் மேலிருந்து கீழாக ஓடும் நேர்த்தசைகள் இரண்டும் விலகியிருப்பதைக் காட்டக்கூடும். துணிக்கட்டு தாங்கலாக இருக்குமே தவிர, தசையை வலுப்படுத்தாது (மாமியாரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்). மல்லாந்து படுத்து, முழங்கால்களை மடக்கி, மூச்சை வெளிவிடும்போது அடிவயிற்றை மெல்ல உள்ளிழுத்துப் பழகுங்கள். படுத்த நிலையிலிருந்து நேராக எழுந்து உட்காரும் பயிற்சி இப்போது வேண்டாம். ஒருக்களித்துக் கையூன்றியே எழுங்கள்.

பதில் (டர்பன்):
ஆறாவது வாரப் பரிசோதனையில் இரண்டையும் கூறி, பிசியோதெரபிஸ்ட்டிடம் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். கீழே ஏதோ இறங்குவது போன்ற கனம் தோன்றினால், அதுவரை காத்திருக்க வேண்டாம்.