லினக்ஸ் இயங்குதளத்தோடு பிரிண்டர், டொங்கிள், போர்ட் என்று மல்லுக்கட்டிய அனுபவங்கள்

வெள்ளவத்தைக் கடைக்காரன்:
2022 ஜூலை, பெற்றோல் பங்கீட்டுக்கு கியூஆர் குறியீடு வந்த நேரம். அதை அச்சடிக்க எங்கள் கொம்யூனிகேஷன் (அச்சு, நகல் எடுக்கும் கடை) வாசல் வரைக்கும் ஆட்கள். கரண்ட் போய் வந்தது. கொம்பியூட்டர் யூபிஎஸ்ஸில் தப்பிவிட்டது, பிரிண்டர் மட்டும் அணைந்து எரிந்தது. பச்சை லைட் இருக்கிறது, எல்எஸ்யூஎஸ்பி (யூஎஸ்பியில் குத்தியிருப்பவற்றைக் காட்டும் கட்டளை) அடித்தால் பெயரும் வருகிறது, லினக்ஸில் அச்சு வேலைகளைக் கவனிக்கும் கப்ஸின் பக்கத்தைத் திறந்தால் அனுப்பிய எல்லாமே ‘முடிந்தது’ என்று நிற்கிறது, ஆனால் ஒரு தாள்கூட வெளியே வரவில்லை. இந்த வகை மலிவு லேசர் பிரிண்டர்களில் ஃபேர்ம்வேர், அதாவது அதை இயக்கும் உள் மென்பொருள், உள்ளே தங்காது, ஒவ்வொரு முறை போடும்போதும் கணினிதான் ஊட்ட வேண்டும், தெரிந்த கதைதானே. பிரிண்டரைக் கண்டதும் அதைத் தானாகச் செய்ய வேண்டிய லினக்ஸின் யூடெவ் விதி அன்றைக்கு அசையவில்லை. ஓட்டோக்காரர் ஒருவர் எட்டிப் பார்த்து, “தம்பி, மிசின் செத்துப் போச்சோ?” என்கிறார். ஃபேர்ம்வேர் கோப்பைத் தேடியெடுத்துக் கையாலேயே தள்ளினேன், உள்ளே கரகரவென்று உருளை சுற்றியது பாருங்கள், அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. வேலை நடக்காமலே ‘முடிந்தது’ என்று எழுதுகிறதே, அந்தக் கோபமும்தான்.

தெஹிவளை மின்னி:
எனக்கு ஆர்டுயினோ, மின்னணுச் சோதனைகளுக்கான சின்ன போர்டு. கணினியில் உபுண்டு 22.04 என்ற லினக்ஸ், போர்டில் யூஎஸ்பி இணைப்புக்கு இருந்தது சிஎச்340 சிப். வயரைக் குத்தினால் டிடிஒய்யூஎஸ்பி0 (போர்டுக்கு லினக்ஸ் கொடுக்கும் போர்ட் பெயர்) ஒரு கணம் தோன்றும், உடனே மறையும். வயரை மாற்றினேன், போர்ட்டை மாற்றினேன், அந்த போர்ட்டைப் பயன்படுத்த அனுமதி தரும் டயல்அவுட் குழுவிலும் சேர்ந்தாயிற்று. கடைசியில் டிமெஸ்ஜியை (லினக்ஸ் கருவின் செய்திப் பதிவு) பார்த்தால் பிஆர்எல்டிடிஒய் என்ற ஒன்று போர்ட்டைப் பிடுங்கிக்கொண்டு போகிறது. பார்வையற்றவர்கள் விரலால் தொட்டு வாசிக்கும் பிரெயில் திரைகளுக்கான மென்பொருள் அது. சில பிரெயில் திரைகளிலும் இதே சிப்தான், அடையாள எண்ணும் ஒன்றே, அதனால் என் போர்டையும் பிரெயில் என்று எடுத்துவிட்டது. எல்லாரும் “அதை நீக்கிவிடு” என்றுதான் எழுதியிருந்தார்கள், நானும் நீக்கினேன், வேலை செய்தது. ஆனால் பிரெயில் திரையும் வைத்து ஆர்டுயினோவும் படிக்கிற ஒருவர் என்ன செய்வார் என்ற கேள்வி மட்டும் என்னை விடவில்லை.

பம்பலப்பிட்டிப் பழசு:
கடைக்காரத் தம்பி, அந்தக் காலத்துப் பிரிண்டரைக் கட்டி அழுவதே தேவையில்லாத வேலை. என் கதை சின்னது: யூஎஸ்பியில் இணையம் தரும் 3ஜி டொங்கிள் குத்தினேன், மோடம் வரவில்லை, சிடி டிரைவ் ஒன்று வந்தது, யூஎஸ்பி-மோட்சுவிட்ச் என்ற மென்பொருளைப் போட்டதும் மோடமாக மாறியது, அவ்வளவுதான். இப்போது கேளுங்கள். கணினிச் சாமான் வாங்க யூனிட்டி பிளாசாவுக்குப் போகும்போது லினக்ஸ் லைவ் பென்டிரைவ் (நிறுவாமலே லினக்ஸை இயக்குவது) ஒன்றைக் கையோடு கொண்டுபோங்கள், காசு கொடுக்கும் முன் அதை ஓடவிட்டு, வாங்கும் சாமானை அங்கேயே குத்திப் பாருங்கள், கடைக்காரர் முகத்தைச் சுளித்தால் சுளிக்கட்டும். பிரிண்டரென்றால் ஏர்பிரிண்ட் அல்லது ஐபிபி எவ்ரிவேர் என்று பெட்டியில் இருக்கிறதா பாருங்கள், இருந்தால் டிரைவர் என்ற தனி மென்பொருளே தேவையில்லை. வைஃபை டொங்கிள் என்றால் பெட்டியில் இருக்கும் பெயரை நம்ப வேண்டாம், ஒரே மொடலுக்குள் வேறு வேறு சிப் வரும், எல்எஸ்யூஎஸ்பி காட்டுகிற எண்ணைத் தேடுங்கள். விண்டோஸும் சேர்த்து வைத்திருப்பவர்களின் புளூடூத் ஹெட்செட், விண்டோஸுக்கும் லினக்ஸுக்கும் மாறும்போதெல்லாம் இணைப்பு அறுந்துபோகும், ஏனென்றால் இரண்டும் அதற்குத் தனித்தனி இணைப்புச் சாவி வைத்திருக்கும், ஒரு பக்கச் சாவியை மற்றதற்கு நகலெடுத்தால் சரியாகும். மின்னி தங்கச்சி, டயல்அவுட்டில் சேர்ந்த பிறகு வெளியேறித் திரும்ப உள்ளே வந்தீர்களா?

தெஹிவளை மின்னி:
வந்தேன் அண்ணா. அதுவல்ல பிரச்சினை, மேலே எழுதியிருக்கிறேனே.

வெள்ளவத்தைக் கடைக்காரன்:
புதுசு வாங்கச் சொல்கிறீர்கள். டொலர் 200 ரூபாயிலிருந்து 360ஐத் தாண்டிய வருடம் அது அண்ணா, பிரிண்டர் விலை ஞாபகம் இருக்கிறதா? இந்தப் பழசுக்கு டோனர் நிரப்பப் புறக்கோட்டையில் ஆள் இருக்கிறார், அதனால்தான் இன்னும் ஓடுகிறது. இப்போது ஃபேர்ம்வேரைத் தள்ளவென்று ஒரு சின்ன ஸ்கிரிப்ட் (கட்டளைக் கோப்பு) எழுதி கணினித் திரையில் குறுக்குவழி வைத்திருக்கிறேன், கரண்ட் வந்ததும் என் தங்கச்சியே அழுத்திவிடுவாள். ஸ்கிரிப்ட் வேண்டுமென்றால் கேளுங்கள், போடுகிறேன்.