பத்து வயதுப் பெண்ணுக்கு அழுகை இல்லாத கதைப்புத்தகம் உண்டா?

புத்தகப்புழுவின்_அம்மா:
மகள் படக்கதைகளைத் தாண்டிவிட்டாள், டீன் ஏஜ் நாவல்களுக்கு இன்னும் வயது வரவில்லை. 8 முதல் 12 வரை என்று போடுகிறார்களே, அந்த மிடில் கிரேட் நாவல்கள்தான் தேடுகிறேன். வேறு நாடு, வேறு நிறம், உடற்குறை உள்ள பிள்ளைகள் எல்லாம் கதையில் வரட்டும் என்று பார்த்துப் பார்த்து நான்கு வாங்கினேன். மூன்றாவதைப் பாதியில் மூடிவிட்டு, "இந்த மாதிரி புத்தகத்துல மட்டும் ஏம்மா எல்லாரும் அழுதுகிட்டே இருக்காங்க?" என்கிறாள். என்ன சொல்வது?

ஓரமடித்த_பக்கம்:
அவள் கேட்டது நியாயம்தானே. வாங்குவது நாம், அதனால் நமக்குத் தொண்டை அடைக்கிற கதையாகப் பார்த்து எடுக்கிறோம். சீசீ பெல்லின் 'எல் டெஃபோ' (2014) கொடுத்துப் பாருங்கள். செவித்திறன் இழந்த அவருடைய சொந்தக் கதை, சித்திரங்களில் எல்லாரும் முயல்கள். டீச்சர் கழுத்தில் மைக், இவள் காதில் கருவி. டீச்சர் மைக்கைக் கழற்றாமல் கழிவறைக்குப் போக, வகுப்பில் இவளுக்கு மட்டும் அத்தனையும் கேட்கிறது! என் பையன் அந்த இடத்தை மூன்று தடவை வாசித்துக் காட்டினான். இப்போது காதில் மெஷின் வைத்தவர்களைப் பார்த்தால் அவனுக்குப் பரிதாபம் இல்லை, பொறாமை.

மழைக்கால_வாசகி:
சரி, ஆனால் சோகத்தை ஒரேயடியாகத் தள்ளிவிடாதீர்கள். வீரா ஹிரானந்தானியின் 'தி நைட் டைரி' (2018) 1947 பிரிவினைக் கதை. நிஷாவின் அப்பா இந்து, இறந்துபோன அம்மா முஸ்லிம். அந்த அம்மாவுக்குத்தான் இரவில் டைரியில் எழுதுகிறாள். அழுகை இருக்கிறது, ஆனால் அவள் அழுவதற்காகவே படைக்கப்பட்டவள் இல்லை. சமையல் என்றால் அவளுக்கு உயிர், சமையற்காரர் காஸியோடு அடுப்படியே கதி. உங்கள் மகளுக்கு அலுத்தது சோகமா, அதைத் தவிர வேறொன்றும் இல்லாத பாத்திரங்களா என்று கேட்டுப் பாருங்கள்.

ஓரமடித்த_பக்கம்:
ஒப்புக்கொள்கிறேன். சிறார் இலக்கிய ஆய்வாளர் ரூடின் சிம்ஸ் பிஷப் 1990இல் எழுதியதில், புத்தகம் என்பது நம்மையே காட்டும் கண்ணாடி, பிறர் உலகைக் காட்டும் ஜன்னல் என்ற இரண்டையும்தான் எல்லாரும் மேற்கோள் காட்டுவார்கள். அவர் கதவையும் சொன்னார், திறந்து உள்ளே போகிற கதவு. நாம் பிள்ளைகளை ஜன்னலோரம் நிற்க வைத்து "பாவம் பார்" என்று காட்டிக்கொண்டிருக்கிறோம். அப்புறம், ஜெர்ரி கிராஃப்டின் 'நியூ கிட்' விட்டுப்போச்சு, அமெரிக்கச் சிறார் இலக்கிய விருதான நியூபெரி பதக்கத்தை 2020இல் வாங்கிய முதல் கிராஃபிக் நாவல், அதாவது சித்திரங்களால் சொல்லும் நாவல். அதிலும் சிரிக்க நிறைய உண்டு.

புத்தகப்புழுவின்_அம்மா:
கேட்டேன். "சோகம் பரவாயில்ல, அந்தப் பொண்ணுக்கு ஒரு ஃப்ரெண்டு கூடவா இல்ல?" என்றாள். கழிவறைக் கதையைச் சொன்னதும் செருப்பைப் போட்டுக்கொண்டு நிற்கிறாள், நூலகத்துக்கு இப்போதே போகணுமாம்.