துக்கத்தில் இருக்கும் தாயை மருத்துவரிடம் செல்ல இணங்கவைப்பது எப்படி?

நாகர்கோவிலுக்கு அருகே ஒரு கிராமச் சபையில், துக்க வீடுகளைச் சந்தித்து ஆற்றுப்படுத்தும் பணியைச் செய்துவருகிறேன். 14 மாதங்களுக்கு முன் இருசக்கர வாகன விபத்தில் ஒரே மகனை இழந்த 48 வயதுத் தாய் ஒருவர், இன்றும் இரவில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் உறங்குவதில்லை, ஒருவேளைதான் உண்கிறார், எட்டு மாதங்களாக ஆலயத்துக்கு வரவில்லை. அடக்க ஆராதனையன்று ஒருவர் "கர்த்தருடைய சித்தம், அழாதே" என்று சொன்னதை அவர் இன்னும் மறக்கவில்லை.

வாரந்தோறும் சென்று பெரும்பாலும் பேசாமலே உடன் அமர்ந்திருக்கிறேன். (வேதாகமத்தில், பிள்ளைகளை இழந்த யோபுவின் நண்பர்களும் ஏழு நாள் வாய்திறவாமல் இருந்தவரை நல்ல துணையாகத்தான் இருந்தார்கள்.) நம்பிக்கை வார்த்தை ஏதுமின்றி இருளிலேயே முடியும் 88ஆம் சங்கீதத்தை வாசித்தபோது மட்டும் அவர் மனம்விட்டு அழுதார். ஆயரும் இருமுறை வந்து ஜெபித்தார். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் உண்டா என்று நேரடியாகவே கேட்டேன், இல்லை என்றார். ஆயினும் அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸின் எண் 14416-ஐக் கணவரிடம் கொடுத்திருக்கிறேன்.

ஆறு மாதங்களைக் கடந்தும் அன்றாட வாழ்வை முடக்கும் துயரத்தை உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11 என்னும் நோய் வகைப்பாடு தனிக் கோளாறாகவே குறிப்பிடுவதால், இது என் ஜெபத்தோடும் சந்திப்போடும் மட்டும் தீரக்கூடியதன்று என்று கருதுகிறேன். அவரோ, மருத்துவரிடம் போவது விசுவாசக் குறைவு என்று உறுதியாக மறுக்கிறார்.

இப்படி மறுத்த ஒருவரை, அவருடைய விசுவாசத்தைப் புண்படுத்தாமல் உளநல மருத்துவரிடம் அழைத்துச் சென்ற அனுபவமுள்ளவர்கள், அந்தப் பேச்சை எவ்வாறு தொடங்கினீர்கள்?