சப்ஸ்டேஷன் வேலையால் நெஞ்சுத் துடிப்பு கெடுமா?

யார்டு_ஆபரேட்டர்:
வணக்கம். 110 கேவியை (கிலோவோல்ட்) 11 கேவியாகக் குறைக்கும் சப்ஸ்டேஷனில் 19 வருடமாக ஷிஃப்ட் ஆபரேட்டர். வயது 46. போன மாதம் ஈசிஜியில் இடையிடையே கூடுதல் துடிப்பு வருகிறது என்றார்கள். எக்கோவில் குறை இல்லை, ஆறு மாதம் கழித்து வாருங்கள் என்று டாக்டர் அனுப்பிவிட்டார். மச்சினன்தான் விடமாட்டேன் என்கிறான். டிரான்ஸ்ஃபார்மர் உறுமுகிற இடத்தில் இருந்தால் இதயம் கெட்டுப்போகும், அமெரிக்காவில் நிரூபித்துவிட்டார்கள் என்று ஒரு வீடியோ அனுப்பியிருக்கிறான். வீட்டில் மாற்றல் கேட்கச் சொல்லி நச்சரிப்பு. என் நாற்காலி 11 கேவி பேனலுக்கு முதுகைக் காட்டியபடி கிடக்கிறது. பயப்பட வேண்டியதுதானா?

பழைய_டெஸ்டிங்காரன்:
தம்பி, ரிலே டெஸ்டிங்கில் 31 வருடம் இருந்து ஓய்வு பெற்றவன் நான். அந்த உறுமல், உள்ளே இருக்கும் இரும்பு விநாடிக்கு 100 தடவை நீண்டு சுருங்குகிற சத்தம். அதனால் தூக்கம் கெடும், அவ்வளவுதான்.

இதயத்துக்கு ஆகாது என்று சொல்வது மின்சாரம் ஓடும்போது சுற்றிலும் உண்டாகிற காந்தப் புலத்தை. அது வோல்ட்டைப் பார்க்காது, ஆம்பியரைத்தான் பார்க்கும். 16 எம்விஏ திறன் உள்ள டிரான்ஸ்ஃபார்மர் முழு லோடில் ஓடினால் 110 பக்கம் 84 ஆம்பியர், 11 பக்கம் 840. அதாவது அண்ணாந்து பார்த்துப் பயப்படுகிற 110 கேவி கம்பிகளை விட்டுவிட்டு, நாம் டீ கிளாஸ் வைக்கிற பேனலைத்தான் பார்க்க வேண்டும். ஒற்றைக் கம்பியில் 840 ஆம்பியர் போனால் ஒரு மீட்டர் தள்ளி 168 மைக்ரோ டெஸ்லா (காந்தப் புலத்தின் அளவு). மூன்று ஃபேஸும் நெருங்கிப் போவதால் ஒன்றை ஒன்று அடித்துக்கொண்டு அதில் கொஞ்சம்தான் வெளியே வரும். ஒருமுறை காந்தப் புலத்தை அளக்கிற மீட்டர் கிடைத்தது. பேனலின் முதுகில் ஒட்டிப் பிடித்தால் 40 சொச்சம் மைக்ரோ டெஸ்லா, இரண்டடி தள்ளினால் 7. கதிர்வீச்சுப் பாதுகாப்புக்கான சர்வதேச அமைப்பான இக்னிர்ப் 2010இல் தொழிலாளர்களுக்கு வைத்த அளவு 50 ஹெர்ட்ஸில் 1000.

எண்ணும்_எழுத்தும்:
அண்ணே, அந்த 1000 நரம்பைத் தூண்டுகிற உடனடி விளைவுக்காக வைத்தது. பல வருட வேலைக்கு அதை மட்டும் காட்டிப் பதில் சொல்ல முடியாது.

மச்சினன் சொல்லும் ஆய்வு பொய் இல்லை. 1999இல் வந்தது. ஐந்து அமெரிக்க மின் நிறுவனங்களில் 1950 முதல் 1986 வரை வேலை பார்த்த 1,38,903 ஆண்கள். புலம் அதிகமான வேலைகளில் நெடுநாள் இருந்தவர்களிடையே துடிப்புக் கோளாறாலும் திடீர் மாரடைப்பாலும் இறந்தவர்கள் கூடுதல். நாள்பட்ட இதயக் குழாய் நோயில் அப்படித் தெரியவில்லை. துடிப்பை ஆளும் நரம்புகளைப் புலம் கலைக்கிறதோ என்பதுதான் சந்தேகம். (இறப்புச் சான்றிதழில் எழுதுகிற காரணத்தை எவ்வளவு நம்பலாம் என்பது நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.)

அப்புறம் 2002இல் தெற்கு கலிபோர்னியா மின் தொழிலாளர்களிடம் தேடினார்கள், கிடைக்கவில்லை. 2007இல் உலக சுகாதார நிறுவனம் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்து, இதய நோயோடு தொடர்பு இருப்பதைச் சான்றுகள் ஆதரிக்கவில்லை என்றது. வீடியோக்காரர் 1999ஓடு இறங்கிவிட்டார்.

இரவுப்பணி_செவிலி:
அண்ணா, மாதத்துக்கு எத்தனை நைட் ஷிஃப்ட்? எத்தனை டீ? 2012இல் பல ஆய்வுகளைத் தொகுத்தபோது ஷிஃப்ட் வேலைக்காரர்களுக்கு மாரடைப்பு சுமார் 23 சதவீதம் கூடுதலாக இருந்தது. தூக்கம் கெட்டால் கூடுதல் துடிப்பும் வரும், எனக்கே வந்திருக்கிறது. பின்னால் எப்போதாவது பேஸ்மேக்கர் வைக்க நேர்ந்தால் வேலை இடத்தை டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள், வலுவான புலம் அந்தக் கருவியைக் குழப்பலாம். நடுவில் மயக்கமோ நெஞ்சு வலியோ வந்தால் ஆறு மாதம் காத்திருக்க வேண்டாம்.

யார்டு_ஆபரேட்டர்:
நைட் பத்து, டீ எட்டு. பீடியை யாரும் கேட்கவில்லை, நானே சொல்லிவிடுகிறேன், ஒரு கட்டு. மச்சினனுக்கு இதையெல்லாம் அனுப்பினேன், பதில் இல்லை. நாற்காலியை எதிர்ச்சுவர் ஓரம் இழுத்துப் போட்டாயிற்று. அங்கிருந்து அலாரம் விளக்குதான் கண்ணில் படவில்லை.

பழைய_டெஸ்டிங்காரன்:
அடப்பாவி. விளக்கு தெரிகிற இடத்துக்கு முதலில் இழு. இரண்டடி போதும் என்றுதானே சொன்னேன்.