நம்ம வீட்டு குரூப்

பெரியப்பா (ஏற்காடு): ⏩ அனுப்பப்பட்டது: போனில் உள்ள மருத்துவ ரிப்போர்ட், ஸ்கேன் படங்களை உடனே அழித்து விடுங்கள். சர்வர் கரண்ட் குடிக்கிறது. பூமி சூடாகிறது. 10 பேருக்கு அனுப்பவும் 🙏🙏

பெரியப்பா: நான் மொத்தமா அழிச்சாச்சு. இடுப்பு எம்ஆர்ஐ உட்பட.

அத்தை: சபாஷ் அண்ணா 👏

கார்த்தி: ஐயோ பெரியப்பா! திங்கக்கிழமை டாக்டருக்கு அத காட்டணும்னு சொன்னீங்களே

பெரியப்பா: அதனாலென்ன கண்ணு, இன்னொன்னு எடுத்துக்கலாம். உன் ஸ்கேன் சென்டர்ல சொல்லி வை

கார்த்தி: அதுதாங்க பெரிய கரண்ட் செலவே. போன்ல கிடக்குற படம் எந்த சர்வர் கரண்டையும் குடிக்கல. கிளவுட்ல இருந்தாலும் ஒரு படத்துக்கு ஆகுறது சொற்பம். எம்ஆர்ஐ மெஷின் அப்படி இல்ல. உள்ள இருக்குற காந்தம் திரவ ஹீலியத்துல மைனஸ் 269 டிகிரில கிடக்கணும். அதுக்கு கம்ப்ரெஸ்ஸர் ராத்திரி பகல் ஓடிட்டே இருக்கும். பேஷண்ட் வந்தாலும் வராட்டியும் நிறுத்த முடியாது. ரூமுக்கு ஏசி தனி

சுமதி அக்கா: சிடி ஸ்கேனும் அப்படித்தானா?

கார்த்தி: அத நிறுத்தலாம் கா. ஆனா பல இடத்துல யாரும் நிறுத்துறதில்ல. சுவிட்சர்லாந்துல பாசல் ஊர் ஆஸ்பத்திரில அளந்து பாத்து 2020ல ஆய்வு வந்துச்சு. சிடி மெஷின் இழுத்த கரண்ட்ல மூணுல ரெண்டு பங்கு சும்மா நின்னப்பவே போயிருக்கு! எங்க சென்டர்ல ராத்திரி கேஸ் இல்லன்னா ஷட்டவுன். காலைல உள்ள இருக்குற எக்ஸ்ரே ட்யூப சூடாக்க கொஞ்ச நேரம் ஆகும், அவ்வளவுதான். சீனியர் ஒருத்தர் இன்னும் முணுமுணுத்துட்டே இருக்கார் 😄

அத்தை: நமக்கு கரண்ட் மேட்டூர்ல இருந்து தானே வருது?

மாமா: மேட்டூர் தெர்மல் 1440 மெகாவாட். எல்லாம் நிலக்கரி. கிரிட்ல காத்தாடி கரண்டும் சோலாரும் கலந்துதான் வருது, ஆனாலும் நாட்டுல பெரும்பங்கு கரி எரிச்சுதான்

மாமா: அதுக்காக டிஜிட்டலே வேண்டாம்னும் சொல்ல முடியாது. முன்னாடி எக்ஸ்ரே கழுவின கெமிக்கல் தண்ணி நேரா சாக்கடைக்குத்தான் போகும். பிலிம்ல வெள்ளி வேற. பழைய எக்ஸ்ரேக்கு தனி விலை குடுத்து வாங்கிட்டு போவாங்க, ஞாபகம் இருக்கா?

அத்தை: எங்க மாமியார் காலுடைஞ்ச எக்ஸ்ரே அப்படித்தான் போச்சு 😂

சுமதி அக்கா: எங்க வீட்டு டிராயர்ல கொரோனா அப்ப வாங்கின ஆக்சிமீட்டர் 2, ஓடாத பிபி மெஷின் 1 கிடக்கு. என்ன பண்றது?

கார்த்தி: மொதல்ல பேட்டரிய கழட்டுங்க, கசிஞ்சா மெஷினே போயிரும். நல்லா இருக்குற ஆக்சிமீட்டர தேவைப்படுறவங்களுக்கு குடுத்துருங்க. பிபி மெஷின குப்பைல போடாம இ-வேஸ்ட் எடுக்குறவங்ககிட்ட குடுங்க. 2022 இ-வேஸ்ட் விதில மருத்துவ சாதனமும் உண்டு

கார்த்தி: பெரியப்பா, சென்டர்ல குடுத்த டிஸ்க் இருக்குங்களா? அதுல முழு படமும் இருக்கும்

பெரியப்பா: எது, பளபளன்னு இருக்குமே அதா? கொய்யா மரத்துல கிளி விரட்ட கட்டி விட்டிருக்கேன்

சுமதி அக்கா: 🤣🤣🤣

பெரியம்மா: மழைல நனஞ்சு பாதி உரிஞ்சு போச்சுப்பா. ஆனா பெரிய கவர் பீரோ மேல இருக்கு. அதுலதான் ஈபி கார்டு, ரேஷன் கார்டு எல்லாம் வெச்சிருக்கேன்

கார்த்தி: உள்ள கருப்பு பிலிம் இருக்கா பெரியம்மா?

பெரியம்மா: இருக்கு. நாலு

கார்த்தி: அப்பாடா. மடிக்காதீங்க, வெயில்ல வெக்காதீங்க. எடுத்த சென்டருக்கும் ஒரு போன் பண்ணுங்க, பில் நம்பர் சொன்னா அவங்க சர்வர்ல இருந்து லிங்க் மறுபடி அனுப்ப வாய்ப்பிருக்கு. வந்ததும் எனக்கு அனுப்புங்க, நான் சேத்து வெக்கிறேன்

பெரியப்பா: திங்கக்கிழமை முத பஸ்ஸுக்கு வந்துரட்டா?

கார்த்தி: ரிப்போர்ட் காட்ட மட்டும்னா 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி வரணுமாங்க, அந்த இடுப்ப வெச்சுக்கிட்டு? டாக்டர் வீடியோல பாக்குறாரான்னு கேட்டு சொல்றேன். தொட்டுப் பாக்கணும்னு சொன்னா மட்டும் வாங்க. அதுவரை பஸ் ஏறாதீங்க