வீட்டு விதைப்பெட்டியில் எல்லாருடைய விதையையும் சேர்க்கலாமா?

வெள்ளவத்தை மாடித்தோட்டம்:
கொழும்புப் பக்கம் வீட்டுத்தோட்டம் செய்கிறவர்கள் சேர்ந்து ஒரு விதைப்பெட்டி வைக்கப்போகிறோம். மிஞ்சியதைப் போடுவது, தேவையானதை எடுப்பது, காசு கிடையாது. 2022 இல் அரச ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை கொடுத்து வீட்டில் பயிர் செய்யச் சொன்னார்கள். டொலர் இல்லாத அந்தக் காலத்தில் விதைப் பைக்கற் என்ன விலை விற்றது என்று எல்லாருக்கும் தெரியும். அந்த நிலை திரும்பி வந்தால் கையில் விதை இருக்கவேண்டும். யார் எதைக் கொண்டுவந்தாலும் வாங்கலாமா, கட்டுப்பாடு வேண்டுமா?

கொட்டாஞ்சேனை கத்தரி:
என்னைக் கேட்டால் பெட்டியே வேண்டாம். இப்போது கடையில் விற்கும் தக்காளி விதையில் நிறைய எஃப்1 கலப்பினம், அதாவது இரண்டு வகைகளைச் சேர்த்து எடுத்த முதல் தலைமுறை விதை. அதன் பழத்தில் விதை எடுத்துப் போட்டால் ஒரு செடி உயரம், ஒரு செடி குட்டை, காயும் ஒவ்வொரு விதம். பூசணி, பாகல், புடல் எல்லாம் தேனீ, பூச்சிகளால் மகரந்தம் சேர்கிறவை. பக்கத்து வீட்டுச் செடியின் மகரந்தத்தை மதில் கட்டித் தடுக்க முடியாது. மற்றவர் தந்த வெண்டி விதையால், இலை மஞ்சளாகும் மஞ்சள் தேமல் நோயும் வந்து சேரும். விவசாயத் திணைக்களத்தின் விற்பனை நிலையத்தில் சோதித்த விதை கிடைக்கிறது. அதை வாங்கி நடுவதில் என்ன நட்டம்?

தெமட்டகொடை நானா:
வெண்டியின் மஞ்சள் தேமல் விதையால் பரவுவதில்லை தம்பி. அதைக் கொண்டுவருவது வெள்ளை ஈ. அந்தப் பழியைப் பெட்டியின் மேல் போடவேண்டாம்.

எல்லாப் பயிரையும் ஒரே தராசில் நிறுக்கவும் கூடாது. பயற்றங்காய் தன் பூவுக்குள்ளேயே மகரந்தம் சேர்த்துக்கொள்ளும், தக்காளியும் பெரும்பாலும் அப்படித்தான். எஃப்1 இல்லாத தக்காளியாக இருந்தால் பிள்ளையும் தாயைப் போலவே வரும். பாகலில் திருநெல்வேலி வெள்ளை, வெண்டியில் ஹரித, இரண்டும் கலப்பினம் அல்ல. திணைக்களமே வெளியிட்ட வகைகள். ஒருமுறை வாங்கி, கவனமாக எடுத்து வைத்தால் வருடாவருடம் நடலாம்.

கொட்டாஞ்சேனை கத்தரி:
தேமல் விஷயத்தில் நானா சொல்வது சரி. ஆனால் பயற்றை இனத்தில் வரும் தேமல் வைரஸ்களில் சில விதை வழியே போகும். இலை சுருங்கிய கொடியில் எடுத்த விதையைப் பெட்டியில் போட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? விதையைப் பார்த்தால் ஒன்றும் விளங்காது.

மிளகாயை எடுங்கள். கறிமிளகாய்த் தொட்டிக்குப் பக்கத்தில் பச்சைமிளகாய் நின்றால் கலக்கும். இந்தப் போகத்துக் காயில் வித்தியாசம் தெரியாது. அதன் விதையை இன்னொருவர் கொண்டுபோய் நட்டு, குழந்தைக்கு என்று சமைத்த கறிமிளகாய் நாக்கைச் சுடும்போதுதான் தெரியும்.

இன்னொன்றும் சொல்லவேண்டும், எனக்கு இதுதான் பெரிய கவலை. நம் வீடுகளில் நல்ல காயைக் கறிக்குப் பறித்துவிட்டு, கண்ணில் படாமல் முற்றிப்போனதை விதைக்கு விடுகிறோம். நாலைந்து போகம் இப்படிப் போனால் வகையே மெலிந்துவிடும். பழைய ஆட்கள் முதல் நல்ல காயிலேயே நூல் கட்டி, இது விதைக்கு என்று விட்டுவைப்பார்கள். அந்தப் பொறுமை இருக்கிறதா நமக்கு?

தெஹிவளை மல்லிகா:
இருக்கிறது அண்ணா, ஏன் இல்லாமல்? கொடிக்காய்களைக் கையால் சேர்த்துத்தான் நான் விதை எடுக்கிறேன். பூசணி விடியற்காலையில் விரியும். முதல் நாள் மாலையிலேயே மறுநாள் விரியப்போகும் ஆண் மொட்டையும் பெண் மொட்டையும் நூலால் கட்டிவிடவேண்டும். காலையில் அவிழ்த்து, ஆண் பூவின் மகரந்தத்தைப் பெண் பூவில் தடவி, திரும்பக் கட்டி, காம்பில் அடையாளத்துக்கு ஒரு துணித்துண்டு. பீர்க்கு மாலையில்தான் விரியும், புடல் இரவில், ஆகவே நேரம் மாறும். மாடியில் தேனீ வருவது குறைவு, காய் பிடிக்கவே பலர் இதைச் செய்கிறார்கள். கட்டுவது ஒன்றுதான் கூடுதல் வேலை.

எனக்குப் பயம் காற்றின் ஈரம்தான். கொழும்பில் விதை வைத்தால் பூஞ்சணம் பிடிக்கிறது, அல்லது முளைப்பதில்லை.

தெமட்டகொடை நானா:
சீமேந்துத் தளத்தில் நண்பகல் வெயிலில் போடவேண்டாம் தங்கச்சி, சூட்டில் முளை செத்துவிடும். நிழலில் காற்றோட்டமாக உலர்த்துங்கள். பிறகு அரிசியை நன்றாக வறுத்து ஆறவிட்டுப் போத்தலின் அடியில் போட்டு, மேலே விதையைத் துணியில் முடிந்து வைத்து இறுக மூடுங்கள். வறுத்த அரிசி ஈரத்தை இழுத்துக்கொள்ளும். விதையின் ஈரம் ஒரு வீதம் குறைந்தாலே ஆயுள் ஏறக்குறைய இரண்டு மடங்காகும் என்பது விதை சேமிப்பவர்களின் பொதுக்கணக்கு. காய்ந்த பிறகுதான் ஃபிரிஜ். மழை குறைந்த ஜனவரி, பெப்ரவரியில் எடுக்கிற விதைக்கு இந்தச் சிரமம் குறைவு.

வெள்ளவத்தை மாடித்தோட்டம்:
அப்படியானால் இப்படி வைக்கலாமா? பயற்றை, தக்காளி, வெண்டி வாங்குவோம். கொடிக்காய் என்றால் பூவைக் கட்டிச் சேர்த்தது மட்டும். எஃப்1 செடியின் விதை வேண்டாம். ஒவ்வொரு பைக்கற்றிலும் வகை, எடுத்த மாதம், செடியில் நோய் இருந்ததா என்பது எழுதவேண்டும். கரட், கோவா யாரும் கேட்காதீர்கள். அவை பூத்து விதை வைக்கக் குளிர் வேண்டும், கொழும்பில் நடக்காது.

கொட்டாஞ்சேனை கத்தரி:
மிளகாய், கத்தரியை விட்டது நல்லது. வெண்டியும் கொஞ்சம் கலக்கும், பூ விரியுமுன் காகிதப் பை போட்டவர்களிடம் மட்டும் வாங்குங்கள். நோய் இருந்ததா என்று கேட்டால் யாரும் ஆம் என்று எழுதமாட்டார்கள். செடியைப் பார்க்க ஒருவர் போகவேண்டும். அதுவரை நான் கடை விதைதான் நடுவேன்.

தெஹிவளை மல்லிகா:
பார்க்க நான் போகிறேன், ஆனால் தெஹிவளை, வெள்ளவத்தை மட்டும். கொட்டாஞ்சேனைப் பக்கம் அண்ணாவே போகலாமே? விதை எடுக்கும் நேரத்தில் போனால் போதாது, கொடி பூக்கும்போதே ஒருமுறை பார்க்கவேண்டும்.

கொட்டாஞ்சேனை கத்தரி:
போகிறேன். தேமல் கண்டால் அந்த வீட்டு விதையை மறுப்பேன், யாரும் கோபிக்கக்கூடாது.